நம் ஊர் மாயக்கதையைச் சிறார் புத்தகமாக்க: முதல்முறை எழுதுபவருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் சிறார் நூல் வெறும் 32 பக்கம். அது என் கைக்கு வந்து சேர இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது. கதை எழுதியது அதில் ஐந்து மாதம்தான். மீதியெல்லாம் தெரியாமல் செய்ததைத் திருத்துவதிலேயே போனது. ஓவியரிடம் எதையும் எழுதி வாங்கவில்லை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகத் தருகிற ஐஎஸ்பிஎன் அடையாள எண்ணைக் கடைசியில் நினைத்துக்கொண்டேன், விலையைத் தப்பாகப் போட்டேன். இதையெல்லாம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தன் ஊரின் மண்ணையும் நம்பிக்கைகளையும் வைத்து 6 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்குத் தமிழில் மாயக்கதை எழுத நினைப்பவருக்கானது இது. இதில் வரும் ஓவியம், அச்சுச் செலவுகள் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும். அரசுக் கட்டணங்களை மட்டும் பணம் கட்டுகிற அன்று வலைத்தளத்தில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"தமிழ்ப் பண்பாட்டை வைத்து ஒரு மாயக்கதை" என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் நானும் தொடங்கினேன். முதல் வரைவில் ஜல்லிக்கட்டு, பொங்கல் பானை, கோபுரம், யாளி, கடற்கரை எல்லாமே இருந்தன. படித்துவிட்டு என் அக்கா மகன், "இது எந்த ஊரு சித்தி?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்த வரைவைக் கட்டி வைத்துவிட்டு, என் ஆச்சியின் ஊரை ஒட்டி, திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கிற தேரிக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தேரி என்பது செக்கச் சிவந்த மணல்மேடு. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது மணல் இடம் மாறும். நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. இதில் நான் கற்பனையாகச் சேர்த்தது ஒன்றுமில்லை, இருப்பதைச் சொன்னாலே குழந்தை கண்ணை விரித்துக் கேட்கிறது.

உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். கொடைக்கானல் பக்கம் என்றால், 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. போன பூப்பில் பிறந்த குழந்தைக்கு அடுத்த பூப்பில் 12 வயது. கதையின் எலும்பே அதில் கிடைத்துவிடுகிறது. கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்க் காடு இருக்கிறது. இரவில் மட்டும் நடமாடுகிற, முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கிற தேவாங்குக்காக 2022இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பாக் நீரிணைக் கரைக்காரர் என்றால் கடல்புல் மேய்கிற கடற்பசு உங்களுடையது.

இடத்தை முடிவு செய்ததும் ஒரு தாளில் 12 தமிழ் மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே காற்று எங்கிருந்து அடிக்கும், எது பூக்கும், எது காய்க்கும், எந்தப் பறவை வரும், பொழுது சாய்ந்ததும் என்ன சத்தம் கேட்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் கடைசி வரை கூட வரும். இதைச் செய்யாததால்தான் என் முதல் வரைவில் மார்கழிப் பனியில் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். நுங்கு சித்திரை, வைகாசிச் சரக்கு. ஊர்க் குழந்தை அதைப் பார்த்த உடனே கதையை நம்புவதை விட்டுவிடும்.

2. ஊர் நம்பிக்கையை மாயத்தின் விதியாக்குங்கள்

எழுத்து வேலையில் முக்கியமான படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாயக்கதையில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்றால் குழந்தைக்குப் பயமும் வராது, ஆசையும் வராது. எது நடக்கும், எது நடக்காது, நடந்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்ற மூன்றும் கதைக்கு வேண்டும். இந்த மூன்றையும் உட்கார்ந்து யோசித்து உருவாக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் அவை ஏற்கெனவே 'செய்யாதே', 'போகாதே' என்று கிடக்கின்றன. உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் படுக்காதே. விளக்கு வைத்தபிறகு உப்பு இரவல் கொடுக்காதே. இரவில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் 'ஏன்' என்று கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் எடுத்தேன். ஆச்சி அதைப் பேயை வைத்துச் சொல்வாள்: பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட்டால் மனுசன். நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன் இரண்டு தடவையோடு நிறுத்துகிறது? மூன்றாவது தடவை கூப்பிட அதற்கு ஆசை இருந்தால்? தேரியில் ஒரு மணல்பூதம். காற்றடிக்கும் மாதங்களில் மட்டும் அதற்கு உருவம் உண்டு. இரண்டு தடவை கூப்பிடுவதற்குத்தான் அதனிடம் மூச்சு இருக்கிறது. விளையாட ஆள் தேடிக் கூப்பிடுகிறது, யாருமே திரும்புவதில்லை. ஒரு பனையேறியின் மகள் இரண்டாவது அழைப்புக்கே திரும்பிவிடுகிறாள். அதற்கு அவள் கொடுக்கிற விலை, காற்றுக்காலம் முடிகிற வரைக்கும் அவள் பேர் அவளிடம் இருக்காது. வீட்டில் கூப்பிட வாயெடுத்தால் யாருக்கும் அவள் பேர் நினைவுக்கு வராது.

இதில் ஊரில் இருந்து வந்தது ஒரு நம்பிக்கையும் ஒரு மணல்மேடும்தான். 'ஏன்' என்ற கேள்வி மட்டும் என்னுடையது.

நீங்கள் செய்ய வேண்டியது: பத்து 'செய்யாதே'க்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே 'செய்தால்?', 'ஏன்?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரி பதில் எழுதுங்கள். எந்தப் பதிலைப் படித்து உங்களுக்கே உடம்பு சிலிர்க்கிறதோ அதுதான் உங்கள் கதை. எனக்கு அது ஏழாவதாக வந்தது. முதல் நான்கைந்து பதில்கள் எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கும், பயப்படாமல் தாண்டிப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இறக்கை வைத்து நெருப்புக் கக்குகிற டிராகனுக்கு வேட்டி கட்டிவிட்டால் அது நம் ஊர்க் கதையாகிவிடாது. மந்திரக்கோலுக்குப் பதில் வேப்பங்குச்சி என்பதும் அப்படித்தான். பெயரை மட்டும் மாற்றினால் கதை வேறெந்த ஊரிலும் நடக்கும் என்றால், ஊர் இன்னும் கதைக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

3. பெரியவர்களிடம் கேளுங்கள், கேட்டதை எழுதி வாங்குங்கள்

கேட்கப் போகும்போது, "ஒரு கதை சொல்லுங்க" என்று தொடங்காதீர்கள். நாலு பேருக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்வார்கள். "சின்ன வயசுல எந்தப் பாதையில போகப் பயப்படுவீங்க?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் கேள்வியில் கிடைத்ததுதான். செல்பேசியில் பதிவு செய்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், வேலை ஓய்ந்த நேரமாகப் போங்கள்.

யார் சொன்ன கதையை அப்படியே எடுத்தாலும் அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். "நான் சொன்ன இன்ன கதையைத் தழுவிச் சிறார் நூல் எழுத இன்னாருக்குச் சம்மதம். நூலில் என் பெயரைப் போடலாம் / போட வேண்டாம்." தேதி, ஊர், கையெழுத்து அல்லது கைநாட்டு. இவ்வளவு போதும். வாய்வழிக் கதை யாருடைய சொத்தும் இல்லை என்பதால் சட்டம் இதைக் கேட்காது. ஆனால் பின்னால் அவர் வீட்டு ஆட்கள் மனம் கோணாமல் இருக்க இந்தத் தாள் உதவும். பெயர் போடுவதோடு, நூல் வந்ததும் ஐந்து படிகளையும் உங்களால் முடிந்த தொகையையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அச்சில் வந்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலிருந்து எடுப்பது வேறு விஷயம். கதையின் கரு பொது. ஆனால் தொகுத்தவர் எழுதிய நடையும் அவர் சேர்த்த சங்கதிகளும் அவருடையவை. ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருடங்களும் அதற்குப் பதிப்புரிமை உண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்களை மட்டும் தாராளமாக எடுத்தாளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவை கிடைக்கின்றன.

காணிகள், இருளர், பளியர், தோடர் போன்ற பழங்குடி மக்களின் கதைகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில பாட்டுகளும் கதைகளும் சடங்கில் மட்டும் சொல்லப்படுபவை. "இதை வெளியில் சொல்லலாமா?" என்று கேட்டு, இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

4. தொடாமல் விட வேண்டியவை

அய்யனார், சுடலைமாடன், கருப்பசாமி, கன்னிமார் எல்லாம் இன்றைக்கும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற குலதெய்வங்கள். அவர்களை வில்லனாக்காதீர்கள், கோமாளியாகவும் ஆக்காதீர்கள். என் கதையில் அய்யனார் கோயில் மண்குதிரை வருகிறது. அது எல்லையில் நிற்கிறது, பார்க்கிறது, அவ்வளவுதான். மாயம் செய்வதற்கு நானே உருவாக்கிய மணல்பூதம் இருக்கிறது.

பழைய கதைகளில் சாதியும் கூடவே வரும். திருடன் என்றால் இன்ன சாதி, ஏமாளி என்றால் இன்ன தொழில் என்று இருக்கும். கறுப்பாக இருப்பவர் கெட்டவர், கண் தெரியாதவர் சாபம் வாங்கியவர் என்றும் வரும். கதையைக் கேட்கும்போது இவை நமக்கு உறைக்காது. வகுப்பறையில் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கப் போவது அந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்தையும் இந்த ஒரு கேள்வியோடு பாருங்கள்.

5. வயதுக்கேற்ற நீளமும் சொல்லும்

6 முதல் 8 வயது என்றால் 32 பக்கம், 600 முதல் 900 சொல். 8 முதல் 10 என்றால் 48 பக்கத்திலிருந்து 80 வரை போகலாம். தமிழ்ச்சொல் நீளமானது. ஒரு வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் போனால் சின்னக் குழந்தை விரல் வைத்துப் படிக்கத் திணறும்.

கதை சொல்கிற குரல் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சில் ஊர்வழக்கு வரட்டும். என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "செந்நிற மணற்பரப்பில் தவழ்ந்து வந்த தென்றல் அவளது செவிகளை வருடியது." திருத்தியது: "காற்று மணலை அள்ளி அவள் காதில் போட்டது. 'ஏளா, எந்திரி!' என்று கத்துவது போல் இருந்தது." இரண்டாவதைப் படித்ததும் குழந்தைகள் காதைத் தடவிக்கொண்டார்கள்.

பாளை, கலயம், தடுக்கு, கடவப்பெட்டி மாதிரி ஊர்ச்சொல் வந்தால் அடிக்குறிப்புப் போடாதீர்கள். படத்தில் காட்டுங்கள், அல்லது அடுத்த வரியிலேயே அதை வைத்து யாராவது ஏதாவது செய்யட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு புதுச்சொல்லுக்கு மேல் வேண்டாம்.

6. அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள்

உங்கள் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது கணக்கில் வராது. ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு வகுப்பு நேரம் வாங்குங்கள். நான் மூன்று இடங்களில் வாசித்தேன். எங்கே குழந்தைகள் சாளரம் பக்கம் பார்க்கிறார்களோ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். மூன்று இடத்திலும் கோடு ஒரே பக்கத்தில் விழுந்தது, தேரி எப்படி உருவானது என்று நான் பாடம் நடத்திய பக்கம். எடுத்துவிட்டேன்.

7. பதிப்பகமா, சொந்தப் பதிப்பா?

இரண்டுமே நல்ல வழிதான். பதிப்பகம் என்றால் உங்கள் கைக்காசு போகக் கூடாது. ராயல்டி, அதாவது விற்கிற ஒவ்வொரு படிக்கும் எழுதியவருக்கு வரும் பங்கு, பெரும்பாலும் புத்தக விலையில் 10 சதவீதம் வரை இருக்கும். பதில் வர நாளாகும். ஒரு பதிப்பகத்தில் ஏழு மாதம் காத்திருந்தேன், கடைசியில் "பணம் பாதி நீங்கள் போடுங்கள்" என்றார்கள். அப்படிக் கேட்டால் அது சொந்தப் பதிப்புதான், லாபம் மட்டும் உங்களுடையது இல்லை. அனுப்பும்போதே, "மூன்று மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் வேறிடத்துக்கு அனுப்புவேன்" என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடுமுன் நான்கு வரிகளைத் தேடுங்கள்: எத்தனை வருடம், எந்த நாடுகள், எந்த வடிவங்கள் (அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம்), ராயல்டிக் கணக்கு எப்போது தருவார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். 'முழு உரிமையும் நிரந்தரமாக' என்று இருந்தால் அடித்துவிட்டு, 'தமிழ் அச்சு வடிவம், ஐந்து வருடம்' என்று எழுதக் கேளுங்கள். கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், கேட்பவர்தான் குறைவு.

8. ஓவியரிடம் வேலை கொடுப்பது

எனக்கு அதிக நாள் வீணானது இங்கேதான். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஓவியர் உங்கள் ஊரைப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு வரைந்தவர் நல்ல கலைஞர், ஆனால் தேரி என்றதும் மஞ்சள் பாலைவனம் வரைந்தார். பனை என்று எழுதிய இடமெல்லாம் தென்னை நின்றது. பனையோலை விசிறி மாதிரி விரியும், தென்னங்கீற்று இறகு மாதிரி தொங்கும். பனைத்தண்டு கறுத்துச் சொரசொரவென்று நிற்கும். பனைக்காட்டுப் பிள்ளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆறு படங்களைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. தப்பு என்னுடையது, நான் ஒரு படம்கூட அனுப்பியிருக்கவில்லை. நீங்கள் 50 புகைப்படமாவது எடுத்துக் கொடுங்கள்: மரம் முழுதாக, இலை பக்கத்தில், வீட்டு வாசல், பாத்திரம், பெண்கள் சேலைக் கட்டு, குழந்தைகள் சட்டை, காலை வெளிச்சத்தில் மண், மாலை வெளிச்சத்தில் மண்.

அப்புறம், பணத்தையும் உரிமையையும் ஒரே தாளில் எழுதுங்கள். எத்தனை படம், ஒரு படத்துக்கு எவ்வளவு, பென்சில் வரைவில் எத்தனை திருத்தம், வண்ணம் போட்டபின் எத்தனை திருத்தம், எந்தத் தேதியில் எது வரும், மூலக்கோப்பு யாரிடம், மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் பயன்படுத்தலாமா, படத்தைப் பையிலோ சட்டையிலோ அச்சிட்டால் யாருக்குப் பங்கு. ஓவியர் பெயர் அட்டையிலேயே வரட்டும். சிறார் நூலில் பாதிக் கதையைச் சொல்வது அவர்தான்.

மூன்று தவணையாகக் கொடுங்கள்: தொடங்கும்போது 30 சதவீதம், எல்லாப் பென்சில் வரைவும் வந்ததும் 40, முடிந்ததும் 30. பென்சில் வரைவில் திருத்தம் சொல்வது ஓவியருக்குச் சிரமமில்லை. வண்ணம் போட்டபின் சொன்னால் அவர் உழைப்பு வீண், உங்கள் பணமும் வீண். 15 படத்துக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது, திரும்ப வரைந்ததைச் சேர்த்து ஏழு.

9. ஆவணங்கள்

ஐஎஸ்பிஎன்: இந்தியாவில் இதற்குக் கட்டணம் கிடையாது. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் தருகிறது. அதன் இணையதளத்தில் நூலாசிரியராகவே பதிவு செய்துகொண்டு விண்ணப்பிக்கலாம், பதிப்பகம் இருக்க வேண்டியதில்லை. அடையாளச் சான்று, வேண்டுகோள் கடிதம், நூலின் அட்டைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "2,000 ரூபாய் கொடுங்கள், வாங்கித் தருகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள். எண் அவர்கள் பெயரில் பதிவானால் ஆவணப்படி பதிப்பாளர் அவர்கள்தான். சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. காரணம், ஆதாரில் இருந்த பெயரும் அட்டையில் போட்ட புனைபெயரும் வேறு. புனைபெயர் வைப்பவர்கள் கடிதத்திலேயே இரண்டும் ஒருவர்தான் என்று எழுதிவிடுங்கள். அட்டை முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள். அச்சான பிறகு 500 அட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டியவள் சொல்கிறேன்.

பதிப்புரிமைப் பதிவு: எழுதிய நொடியிலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் சான்றிதழ் கைகொடுக்கும். இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண் வரும், யாராவது ஆட்சேபித்தால் தெரிவிக்க 30 நாள் விடுவார்கள், அதன்பிறகுதான் பரிசீலனை. சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகும், அதற்காக அச்சை நிறுத்தாதீர்கள். படங்கள் கலைப்படைப்பு என்ற தனி வகை, அவற்றுக்குத் தனி விண்ணப்பம்.

நூலகப் படி: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லிப் பொது நூலகம். சொந்தப் பதிப்பு என்றால் பதிப்பாளர் நீங்கள்தான். தபால் ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள்.

10. பக்க வடிவமைப்பும் அச்சும்

நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். வடிவமைப்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் 'கொ' உடைந்து கொம்பு தனியே, கால் தனியே நிற்கும், 'ஸ்ரீ' காணாமல் போகும். மாற்றியபின் கட்டாயம் ஒரு மெய்ப்பு பாருங்கள், அதாவது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று படித்துத் திருத்துங்கள், திரையில் வேண்டாம், தாளில். முதலில் திருத்திய பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. 34 பக்கம் என்று போய் நின்றால் அச்சகத்தில் கூடுதல் தாளுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். 32 பக்கத்துக்கு நடுவில் பின் அடித்தால் போதும், புத்தகம் நன்றாக விரியும்.

திரையில் தெரியும் நிறம் தாளில் வராது. என் தேரியின் சிவப்பு முதல் அச்சில் காய்ந்த செங்கல் மாதிரி மங்கிப் போயிருந்தது. திரை வேறு நிறமுறையில் காட்டுகிறது, அச்சு நான்கு மையில் ஓடுகிறது. ஓவியரைத் தொடக்கத்திலேயே அச்சு நிறமுறையில் வேலை செய்யச் சொல்லுங்கள். முழு அச்சுக்கு முன் அதே தாளில் ஒரு மாதிரிப் படி கேளுங்கள். சில நூறு ரூபாய் ஆகும், கொடுத்துவிடுங்கள். ஓரங்களில் படம் 3 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும்.

11. விலைக் கணக்கு

500 படிக்கு எனக்கு ஆன செலவு: ஓவியம் 15 படத்துக்கு 22,500 ரூபாய், பக்க வடிவமைப்பு 4,000, மெய்ப்பு 1,500, அச்சு ஒரு படிக்கு 62 ரூபாய் வீதம் 31,000. மொத்தம் 59,000. ஒரு படிக்கு 118 ரூபாய்.

குழந்தைகள் புத்தகம்தானே, மலிவாக இருக்கட்டும் என்று 120 ரூபாய் விலை போட்டேன். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்ததும் என் கைக்கு வந்தது 78 ரூபாய். கடை மூலம் விற்ற ஒவ்வொரு படிக்கும் 40 ரூபாய் நட்டம். 1,000 படி என்றால் அச்சு ஒரு படிக்கு 44 ரூபாய் என்றார்கள். ஓவியமும் மற்றதும் சேர்த்து ஒரு படி 72 ரூபாய்தான் ஆகியிருக்கும். 150 ரூபாய் விலை போட்டிருந்தால் கழிவு போக 97 ரூபாய் 50 காசு வந்திருக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 1,000 அடிக்காதீர்கள், வைக்க இடம் வேண்டும், கரையான் இருக்கிறது. பள்ளிகள், நண்பர்கள், கடைகள் என்று ஆளுக்கு எத்தனை என்று பேரெழுதி 400 தேறினால் 1,000 அடிக்கலாம். 200தான் தேறினால் 500 அடித்து, நேரடி விற்பனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விலையை அதற்கேற்பப் போடுங்கள். இந்தக் கணக்கை அட்டை வடிவமைக்குமுன் முடித்துவிடுங்கள், விலை அட்டையில் ஏறிவிட்டால் மாற்ற முடியாது. அச்சிட்ட புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை.

12. நாள் கணக்கு

சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில், பொங்கலை ஒட்டி நடக்கும். முதல் நூலுக்கு அதைவிட நல்ல வாய்ப்பில்லை. ஒற்றை நூலுக்குத் தனிக் கடை கட்டுப்படியாகாது, அக்டோபரிலேயே ஏதாவது பதிப்பகத்திடமோ விற்பனையாளரிடமோ பேசி அவர்கள் அரங்கில் வைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் காலண்டர், டைரி வேலை நெரிக்கும். சின்ன வேலையைத் தள்ளிப்போடுவார்கள். ஆகவே அக்டோபர் கடைசிக்குள் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும்.

பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். செப்டம்பரில் வடிவமைப்பு, மெய்ப்பு, ஐஎஸ்பிஎன் விண்ணப்பம். மே முதல் ஆகஸ்ட் வரை ஓவியம். மார்ச், ஏப்ரலில் பள்ளிகளில் வாசித்துத் திருத்துவது, ஆனால் ஏப்ரலில் தேர்வு வந்துவிடும், மார்ச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின ஆறு மாதம் எழுத்து. அதற்கும் முன்னால் ஊருக்குப் போய்க் கேட்பது, படம் எடுப்பது. கதை எந்தப் பருவத்தில் நடக்கிறதோ அந்தப் பருவத்திலேயே போனால் நல்லது. நான் ஐப்பசி மழையில் போய், மணல் நனைந்து அசையாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆடிக் காற்றுக்கு மறுபடி பேருந்து ஏற வேண்டியிருந்தது.